கோயில்பிச்சை கேட்க வேண்டிய மன்னிப்பு

கடிதம் கோயில்பிச்சையின் பெயருக்கு வந்திருந்தது. பதிவுத் தபால். தபால்காரர் அந்தத் தெருவுக்குப் பதினோரு வருடமாக வருகிறவர். கையெழுத்துப் போட வந்த எஸ்றாவிடம் கவரைக் கொடுக்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அவரு இல்லியா?" என்று கேட்டார்.

அவர் பெட்டிக்குள் இருந்தார். கோயில்பிச்சை இரண்டரை அடி உயரமுள்ள பொம்மை. காகிதக் கூழில் செய்த தலை, பஞ்சு மீசை, வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, மூக்கு நுனியில் கம்பிக் கண்ணாடி. கழுத்துக்குள் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று ஓடுகிறது. எஸ்றா அதை விரலால் இழுத்தால் வாய் திறக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் நடக்கும் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட பெரிய மனிதர் மாதிரி இருப்பார். திருநெல்வேலிக்கும் திசையன்விளைக்கும் நடுவில் அவரைத் தெரியாத பள்ளிக்கூடம் கிடையாது. எஸ்றாவைத்தான் பலருக்குத் தெரியாது. பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க கோயில்பிச்சைகூட வார ஆளுதான?" என்பார்கள்.

கவரைப் பிரித்து, மனைவி ரீபா சத்தமாக வாசித்தாள்.

"திரு. கோயில்பிச்சை (பொம்மை) அவர்களுக்கு. மேற்பார்வை, திரு. எஸ்றா. தெற்குத்தெருச் சபைக் கமிட்டியின் தீர்மானம் எண் ஏழு. சென்ற ஞாயிறுபள்ளி ஆண்டுவிழா மேடையில் கமிட்டிச் செயலாளரைப் பற்றித் தாங்கள் கூறிய சொற்களுக்காக, வருகிற அசனப் பண்டிகையன்று அதே மேடையில் தாங்களே தங்கள் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால், சேகரத்தைச் சேர்ந்த பதினான்கு சபைகளின் மேடைகளிலும் தாங்கள் ஏறக் கூடாது. 'சாரி' என்ற சொல் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது."

ரீபா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"ஒங்களுக்கு ஒண்ணும் எழுதலியே."

"அதான் மேற்பார்வைன்னு போட்டிருக்குல்லா" என்றான் எஸ்றா.

சிரிக்க வேண்டும்போல இருந்தது, முடியவில்லை. தனியார் கல்லூரி அலுவலகத்தில் பார்த்த வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. டிசம்பர் முழுக்கப் பதினான்கு சபைகளிலும் கிறிஸ்துமஸ் விழா, மே மாதம் முழுக்கச் சிறுவர் விடுமுறைப் பள்ளி. அந்த இரண்டு மாதமும் போய்விட்டால் எஸ்றாவின் வருடத்தில் மீதி இருப்பது நாலு காதுகுத்தும் ஒரு பாத்திரக்கடைத் திறப்பு விழாவும்தான். சரி, மன்னிப்புக் கேட்டுவிடலாமென்றால் அதிலும் வம்பு. யாருக்கும் அடங்காததுதான் கோயில்பிச்சையிடம் உள்ள வேடிக்கையே. கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்ட கோயில்பிச்சையைப் பார்த்து அப்புறம் யார் சிரிப்பார்கள்? கேட்காவிட்டால் மேடை போய்விடும். கேட்டால் பொம்மை போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதைச் சொல்ல எஸ்றாவின் பள்ளிக்கூட நாளுக்குப் போக வேண்டும்.

எஸ்றா உதடு அசையாமல் பேசப் பழகியதற்குக் கலை ஆர்வம் எதுவும் காரணமில்லை. கடைசி பீரியடு விளையாட்டு. ஞானசிகாமணி சார் கழுத்தில் விசிலோடு மைதானத்தில் நின்று ஆஜர் எடுப்பார். பெயர் கூப்பிடும்போது நோட்டைப் பார்க்க மாட்டார், பையன்களின் வாயைத்தான் பார்ப்பார். ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்ட கூட்டாளிக்காக "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டுமென்றால் வாய் அசையக் கூடாது, குரல் வேறாக இருக்க வேண்டும், சத்தமும் வேறு பக்கமிருந்து வருவதுபோலத் தெரிய வேண்டும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் எஸ்றா நாலு பேருக்கு ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் ஒருவன் மேலப்பாளையத்து அசன் மைதீன். இன்று அவன் மைக்செட் கடை வைத்திருக்கிறான். எஸ்றாவின் நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் ஒலிபெருக்கி அவனுடையதுதான்.

"உள்ளேன் ஐயா" அமைந்தது எஸ்றாவின் அதிர்ஷ்டம். அதில் உதடு சேர்கிற எழுத்தே கிடையாது. ப, ம, வ மூன்றையும் உதட்டைத் தொடாமல் ஒழுங்காகச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. மற்ற கலைஞர்கள் பக்கத்து எழுத்தைப் போட்டுச் சமாளிப்பார்கள். எஸ்றாவுக்கு அந்த மழலை பிடிக்காது. அந்த மூன்று எழுத்தும் இல்லாத சொற்களாகத் தேடித் தேடிப் பொறுக்கித்தான் வசனம் எழுதுவான். பன்னிரண்டு வருடத் தொழிலில் கோயில்பிச்சை ஒருமுறைகூட 'அம்மா' என்று சொன்னதில்லை. தன் பெயரைக்கூடச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "எஸ்றா, நீ சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜனங்கள் அதைக் கர்வம் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

சீவலப்பேரியில் ஒரு காதுகுத்து வீட்டில் நடந்த முதல் நிகழ்ச்சியிலேயே, நடவு முடிந்து வந்திருந்த ஒரு பெண் கோயில்பிச்சைக்குத் தனியாக ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறிரும், குடிக்கச் சொல்லுங்க" என்றாள். எஸ்றாவுக்குக் காப்பி வரவில்லை. தன் தொழில் எப்படிப் போகும் என்பது அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அந்தப் பொம்மை சொல்ல வேண்டிய சொல் 'மன்னிப்பு'. ம-வில் தொடங்கி ப-வில் முடிகிறது.

கோயில்பிச்சை செய்த குற்றம் இதுதான். அசனம் என்றால் சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் அமர்ந்து ஒரே அண்டாவில் வெந்த ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிடுகிற வருடாந்திர விருந்து. தெற்குத்தெருச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சமைத்தவர் கறியை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. கமிட்டிக்காரர் ஒருவர் உப்புப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் அண்டா இறங்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கமிட்டிக்காரர், செயலாளர் ஞானசிகாமணி சார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் விசிலை விடாதவர். உப்புச் சரியாக இருந்தால் ஒரு நீள விசில், பந்தி ஆரம்பம்.

ஆண்டுவிழா மேடையில் கோயில்பிச்சை கழுத்தை நீட்டிக் கேட்டார். "ஏலே எஸ்றா, செயலாளர் அண்ணாச்சி கறி ருசி எடுத்தா, ஆறு ஆட்டுக்கறி அஞ்சு ஆட்டுக்கறி ஆயிருதே, அது எங்கன?"

சபைக் கோயிலே அதிர்ந்தது. சபைப் போதகரான ஐயரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்தார்கள். ஒரு வாரத்தில் அது ஆறு தாண்டி, குளம் தாண்டி, முக்கூடல்வரை போய்விட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எஸ்றா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனான். சார் கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஸ்தோத்திரம் சார்."

"ஸ்தோத்திரம். நீ இரி. அவன வெளிய எடு."

"சார், எழுதுனதும் நான்தான், பேசுனதும்..."

"ஒன்ன எனக்கு எட்டாங்கிளாஸ்ல இருந்து தெரியும்லே. நீ நல்ல பய. ஆத்துக்குப் போனவனுக்கெல்லாம் ஆஜர் சொன்ன. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும். கூட்டாளிக்குச் செய்யுத ஒத்தாசைன்னு விட்டேன். இவன் அப்படியா? வாயத் தெறந்தா ஊர் வம்பு."

எஸ்றா கோயில்பிச்சையை எடுத்து மடியில் உட்காரவைத்தான். சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பொம்மைக்கு நேர் எதிரே அமர்ந்தார். குரல் மாறியது. தன் வயதுக்காரர் ஒருவரிடம் பேசுகிற மரியாதை வந்து சேர்ந்தது.

"ஏம்வே, இருவத்திரெண்டு வருசமா அந்தப் புகையில நிக்கேன். ஒரு வருசமாவது கறி தீஞ்சிருக்காவே? உப்பு கூடிருக்கா? நேத்து முக்கூடல் பஸ்ல கண்டக்டர் டிக்கெட்ட குடுத்துட்டு, 'சார், ஆறா அஞ்சா?'ங்கான். எம் பேத்தி கேக்கா. கறிக்கடையில கேக்கான். ஒமக்கு ஒரு சிரிப்பு. இந்த வருசம் நான் அண்டாப் பக்கம் தலவச்சிப் படுக்க மாட்டேன். யாரும் பாத்துக்கிடட்டும்."

எஸ்றாவின் விரல் கம்பியை இழுத்தது. கோயில்பிச்சையின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"பதில் சொல்லச் சொல்லுலே."

"அவருக்குத் தொண்ட கட்டிருக்கு சார்."

"பாத்தியா! மன்னிப்புன்னதும் தொண்ட கட்டிக்கிட்டு."

எஸ்றா திரும்பி வந்து, பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, "ஒரு சின்ன தமாசுக்கு இத்தன கோவமா?" என்றான். ரீபா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அவரு கறி தின்னத நீங்க பாத்திருக்கியளா?"

"ஊருல சொல்லுவாங்கல்லா."

"நான் ஆறு வருசமா கடைசிப் பந்தியில தண்ணி ஊத்துதேன். அவரு கடைசிப் பந்தியிலதான் உக்காருவாரு. போன வருசம் அவரு எலைக்கு வரும்போது கறி தீந்துபோச்சு. ரசத்த ஊத்திச் சாப்பிட்டுட்டு, 'எல்லாரும் சாப்ட்டாச்சாம்மா?'ன்னு கேட்டாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா நீ."

"நீங்க எங்க கேக்கிய? கோயில்பிச்சைக்கிட்டதான எல்லா யோசனையும்."

எஸ்றா கண்ணாடி முன் போய் நின்றான். அடுத்த ஆறு நாளும் அங்கேதான் நின்றான். மன்னிப்பு என்று உதடு சேராமல் சொல்லிப் பார்த்தான். அது நன்னித்து என்று வந்தது, தண்ணித்து என்று வந்தது, ஒருமுறை வெறும் தும்மலாக வந்தது. கடைசியில் ஒரு தந்திரம் பண்ணினான். மேடையில் கோயில்பிச்சைக்கு இருமல் வரும். இருமி இருமி அந்தச் சொல்லைச் சொல்லி மயங்கி விழுவார். சொல் இருமலில் கரைந்துவிடும். ஜனங்கள் சிரிப்பார்கள், தீர்மானமும் நிறைவேறிவிடும், பொம்மையும் தலைகுனியாது. நல்ல தந்திரம்தான். ஆனால் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம், ரசத்தை ஊற்றிச் சாப்பிடும் ஒரு ஆள் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அசனத்தன்று பந்தலில் அறுநூறு பேர். அச்சடித்த நிகழ்ச்சிநிரலில், சிறுவர் பாடலுக்கும் நன்றியுரைக்கும் நடுவில், "மன்னிப்பு: திரு. கோயில்பிச்சை" என்று போட்டிருந்தது. பந்தலுக்குப் பின்னால் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சார் முதல் வரிசையில், அண்டாவுக்கு முதுகைக் காட்டிக் கைகட்டி அமர்ந்திருந்தார். கழுத்தில் விசில் இல்லை.

எஸ்றா மேடை ஏறப் போகிற நேரம் அசன் மைதீன் ஒயரைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தான்.

"ஏலே, அங்கன அண்டாப் பக்கம் ஒரு கூத்து நடக்கு."

"என்னலே?"

"ஒருத்தனும் உப்பு பாக்கல. சமையல்கார ஜோஷுவா மாஸ்டர் கரண்டிய வச்சிக்கிட்டு ஒவ்வொரு கமிட்டிக்காரரா கெஞ்சுதாரு. ஒருத்தரு 'நாளைக்கு நான் வாட்ஸப்ல வரணுமாக்கும்'ங்காரு. இன்னொருத்தரு உபவாசமாம். அசனத்தன்னைக்கு உபவாசம்! மூணாவது ஆளு கை கழுவப் போனவரு, இன்னும் கழுவுதாரு."

"உப்பு போட்டாச்சா?"

"மூணு பேரும் போட்டாச்சுங்காங்க. யாரு போட்டான்னு கேட்டா, அடுத்தவரு போட்டாருங்காங்க. ஒண்ணு உப்பே இல்ல, இல்லேன்னா மூணு மடங்கு. ஒங்க அசனத்த அல்லாதான் காப்பாத்தணும்."

"நீ ஒரு வாய் பாத்துச் சொல்லேம்லே."

"நான் பாத்தா அடுத்த மாசம் என்னயப் பேசுவான் ஒம் பொம்ம. போலே, கூப்புடுதாங்க."

எஸ்றா மேடை ஏறி, நாற்காலியில் அமர்ந்து, கோயில்பிச்சையை முழங்காலில் நிறுத்தினான். கூட்டம் அப்போதே சிரிக்கத் தயாராக இருந்தது. கோயில்பிச்சை தலையை இடமும் வலமும் திருப்பினார்.

"ஏலே எஸ்றா, ஏன் இத்தனை ஜனங்க?"

"நீங்க மன்னிப்புக் கேக்கத பாக்க வந்திருக்காங்க."

"யாரு, நானா?"

பந்தல் கொல்லென்று சிரித்தது. சார் சிரிக்கவில்லை. இந்த இடத்தில் இருமல் வர வேண்டும். எஸ்றா மூச்சை இழுத்தான். சாரின் தலைக்குப் பின்னால், கையில் கரண்டியோடு திசை தெரியாமல் நிற்கும் ஜோஷுவா மாஸ்டர் தெரிந்தார். இழுத்த மூச்சை எஸ்றா அப்படியே விட்டுவிட்டான். கோயில்பிச்சை இருமவில்லை. முதல் வரிசையைப் பார்த்துக் குனிந்து, வாயை அகலமாகத் திறந்தார்.

"அண்ணாச்சி, இங்கன உத்து நோக்குங்க. உள்ளே நாக்கு இருக்கா?"

சார் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். காகிதக் கூழும் பிரேக் கம்பியும்தான் இருந்தன.

"இல்ல" என்றார்.

"நாக்கு இல்லாத ஆளு நான். கறி ருசி எனக்கு எங்கன தெரிஞ்சது? தெரியாத சங்கதியைச் சொல்லிட்டேன், அண்ணாச்சி."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பந்தலின் ஓரத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ரீபா குடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு அண்டால யாரு ருசி எடுத்தது?" என்று கேட்டார் கோயில்பிச்சை. மூன்று கமிட்டிக்காரர்கள் மூன்று திசையில் பார்த்தார்கள். "ஒருத்தர்கூட எடுக்கலை. என் நக்கலுக்கு நடுங்கிட்டாங்க. அண்ணாச்சி, கறி உங்க கைல இருக்கு."

அறுநூறு தலைகளும் அண்டாவை நோக்கித் திரும்பின. ஜோஷுவா மாஸ்டர் ஆமாம் என்று கரண்டியை ஆட்டினார். கோயில்பிச்சை மெல்லத் தலையைத் திருப்பி எஸ்றாவைப் பார்த்தார்.

"எஸ்றா, அந்தச் சொல்லு என்னால ஆகாது. நீ சொல்லு."

எஸ்றா கம்பியிலிருந்து விரலை எடுத்தான். பொம்மையின் வாய் மூடிக்கொண்டது. பன்னிரண்டு வருடமாக ஜனங்கள் அவன் உதட்டைத்தான் பார்த்து வந்தார்கள், எங்காவது அசைகிறதா என்று. இன்று எல்லாரும் பார்க்க அது அசைந்தது. ம-வுக்கு ஒட்டிப் பிரிந்தது.

"மன்னிச்சிருங்க சார். நான் கண்ணால பாக்காததச் சொல்லிட்டேன்."

சார் உடனே எழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டேகால். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கொண்டுவந்துதான் இருந்தார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடுவழியே அண்டாவை நோக்கி நடந்தார். கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. ஜோஷுவா மாஸ்டர் உள்ளங்கையில் ஊற்றிய குழம்பைச் சார் ஊதி ஊதி வாயில் விட்டு, கண்ணை மூடினார்.

"லேய்! உப்பே போடலியாலே ஒருத்தனும்!"

அப்புறம் பத்து நிமிடம் மைதானத்தில் ஆஜர் எடுத்த பழைய குரல் பந்தல் முழுக்க ஓடியது. உப்பு வந்தது, கை கையாக விழுந்தது, கிண்டப்பட்டது, தீ குறைந்தது. கை கழுவப் போனவர்கூடத் திரும்பி வந்துவிட்டார். சார் இரண்டாம் முறை பார்த்தார், இன்னும் ஒரு கை போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, மேடையைப் பார்த்து அங்கிருந்தே கத்தினார்.

"வே, கோயில்பிச்சை! ஆறு ஆடும் அப்படியே இருக்கு. எண்ணிக்கிடும்!"

கரண்டியை வாங்கி, ஒரு கிண்ணத்தில் நிறையக் கறியை அள்ளிப் போட்டு, எல்லாரும் பார்க்க ஒரு பெரிய துண்டைக் கடித்தார்.

"இப்ப அஞ்சர."

அந்தச் சிரிப்பு கோயில்பிச்சையின் பன்னிரண்டு வருடத்தில் அவர் எந்த மேடையிலும் வாங்காத சிரிப்பு. அது ஓயும் முன்னால் நீள விசில் வந்தது.

பந்திக்கு இலை போடும்போது, உபவாசக்காரர் சாரிடம் மெல்லக் கேட்டார். "தீர்மானப்படி பொம்மல்லா கேக்கணும்? கேட்டது எஸ்றாதான?"

"பொம்மைக்கு எங்கவே நாக்கு இருக்கு? அதான் எஸ்றா அவனுக்கு ஆஜர் சொல்லிட்டாம்லா" என்றார் சார். "நோட்டுல கேட்டாச்சுன்னு எழுதும். ஒம்ம உபவாசம் முடிஞ்சிட்டா? உக்காரும்."

அந்த வருடம் சார் முதல் பந்தியில் அமர்ந்தார். ரீபாதான் வற்புறுத்தி உட்காரவைத்தாள். ஒரு பக்கத்து இலையில் எஸ்றா. மறுபக்கம், யார் போட்டதென்று தெரியாமல், ஒரு இலை காலியாகக் கிடந்தது. சார் எழுந்துபோய்க் கோயில்பிச்சையைத் தூக்கிவந்து அதன் முன்னால் உட்காரவைத்து, தன் கையாலேயே இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தார்.

"டிசம்பர் பதினெட்டு நம்ம சபைக் கிறிஸ்துமஸ் விழா" என்றார், பொம்மையைப் பார்த்து. "வந்துரும். எதுனாலும் என்னையவே பேசும். வேற ஆள இழுக்காதியும், அழுதுருவானுவ."

சார் இலையில் சோற்றைப் பிசைந்தபடி பொம்மையின் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு எஸ்றா பக்கம் திரும்பிப் பார்த்தார். எஸ்றா ஏதோ சொல்ல வாயெடுத்தான், முடியவில்லை. அவன் வாய் நிறையக் கறிச்சோறு. உப்பு, சொல்லிவைத்தாற்போல் சரியாக இருந்தது.